துவக்குக் குழலில் றப்பர் வளையம் போட்டால் குறி திருந்துமா? பட்டறையில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஜேர்மனியில் இருக்கும் என் மருமகன் அங்கே ஒரு சுடும் கழகத்தில் உறுப்பினன். சனிக்கிழமைகளில் .22 ரைபிளில் 50 மீற்றர் சுடுவான். போன வருடம் ஒருநாள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுப்பு நிறத்தில் தடித்த றப்பர் வளையம், பார்த்தால் உளுந்து வடை மாதிரி. "மாமா, இதைக் குழலில் மாட்டினால் அதிர்வு குறைஞ்சு குறி திருந்துமாம். வாங்கட்டோ?"

நான் திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகு எஞ்சின்களின் தண்டு, புஷ், புரொப்பெலர் வேலைகள்தான் பெரும்பாலும். துவக்குக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரருக்குத் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே விளையாட்டு ஞாபகம் வராது, அதற்கான காரணம் எல்லோருக்கும் தெரியும். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. ஆனால் அதிர்வு என்றால் எனக்குத் தெரியும். லேத்தில் அதோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்டு. அதனால் அவன் கேள்வியைக் கொஞ்சம் வடிவாகவே எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் சட்டப்படி சுடும் எங்கள் பிள்ளைகள் கனபேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று, நானும் அவனும் செய்து பார்த்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

விற்பது ஒன்றல்ல, மூன்று சாமான்

முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடையில் "அதிர்வுக்கு" என்று விற்பதில் மூன்று வகை உண்டு.

ஒன்று, மருமகன் அனுப்பிய றப்பர் வளையம். வில்லுக்கு அதிர்வு அடக்கிகள் செய்து பெயர் எடுத்த லிம்ப்சேவர் என்ற நிறுவனம் இதைக் குழலுக்கும் செய்து விற்கிறது. அதிர்வின் சக்தியை மென்மையான றப்பர் உறிஞ்சிக்கொள்ளும் என்பது இதன் வாதம்.

இரண்டு, குழல் முனையில் பூட்டும் உலோக எடை. மைக்குரோமீற்றர் போலக் கோடு போட்ட திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகினால் எடை முன்னே பின்னே நகரும். இதை டியூனர் என்பார்கள். இது அதிர்வை உறிஞ்சுவதாகச் சொல்லாது, மாற்றுவதாகத்தான் சொல்லும்.

மூன்றாவது, 1990களில் பிரவுணிங், வின்செஸ்டர் என்ற துவக்கு நிறுவனங்கள் வேட்டை ரைபிள்களில் போட்டு விற்ற 'பொஸ்' போன்றவை. டியூனரும் உதைப்பைக் குறைக்கும் துளைகளும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. துளைகள் காதைப் பிளக்கும், அதனால் துளை இல்லாத வகையும் பிறகு வந்தது. இதை இதோடு விட்டுவிடுகிறேன்.

முதல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை. ஒருவன் "வேலை செய்யுது" என்பான், மற்றவன் "பொய்" என்பான். இருவர் கையிலும் இருப்பது வேறு வேறு சாமானாக இருக்கும்.

முதல் படி: ஒரு இரும்புக் கம்பியைத் தட்டிப் பாருங்கள்

இதற்குத் துவக்கு தேவையில்லை. நல்ல கனமான வைஸ் ஒன்றும், 20 மில்லிமீற்றர் உருட்டுக் கம்பி ஒன்றும் போதும். நான் கம்பியின் ஒரு முனையை வைஸில் இறுக்கிப் பூட்டி, 60 சென்றிமீற்றர் வெளியே நீட்டி விட்டேன். ரைபிள் குழலும் இதே கதைதான். ஒரு முனை பிடிபட்டிருக்கும், மற்ற முனை அந்தரத்தில் நிற்கும்.

மரச் சுத்தியலால் நுனியில் ஒரு தட்டு. 'ணங்' என்று ஒலி எழும்பி இழுபட்டுக்கொண்டு போகும். இந்தக் கம்பி ஒரே நேரத்தில் பல விதமாக ஆடுகிறது. முழுக் கம்பியும் மீன் தூண்டில் தடி போல மேலும் கீழும் போவது முதல் ஆட்டம். எங்கள் கம்பிக்குக் கணக்குப் போட்டால் செக்கனுக்கு 39 தடவை. காதுக்கு அது சரியாகக் கேட்காது, கை வைத்தால் தெரியும். இரண்டாவது ஆட்டத்தில் கம்பி பாம்பு போல வளையும். அது செக்கனுக்கு ஏறத்தாழ 245 தடவை. காதில் விழும் 'ணங்' இதுதான். போனில் ஒலி அளக்கும் அப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், 245க்குக் கொஞ்சம் கீழேதான் காட்டியது. என் வைஸ் கிழடு, பிடி முழு இறுக்கம் இல்லை. அதனால் அது சரிதான்.

இப்போது பழைய மோட்டார்சைக்கிள் ரியூபில் இருந்து ஒரு துண்டு வெட்டி, இறுக்கமாகச் சுற்றி, நுனியில் வளையமாக மாட்டுங்கள். மறுபடி தட்டுங்கள். ஒலி 'ணக்' என்று சுருங்கிவிடும். என்னோடு வேலை செய்யும் பெடியன் அதைக் கேட்டதும், "அண்ணை, அப்ப சாமான் வேலை செய்யுதுதானே!" என்றான்.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி, வளையத்தை மெல்ல மெல்ல உள்ளே நகர்த்தினேன். வைஸில் இருந்து 47 சென்றிமீற்றர் வந்ததும் தட்டினால், ஒலி பழையபடி நீளமாக இழுபடுகிறது. அந்த இடத்தில் வளையம் இருந்தும் இல்லாத மாதிரி. காரணம், இரண்டாம் ஆட்டத்தில் கம்பியின் அந்தப் புள்ளி அசைவதில்லை. பிடியில் இருந்து மொத்த நீளத்தில் 78 வீதத்தில் அந்த அசையாப் புள்ளி விழும். அசையாத இடத்தில் றப்பருக்கு உறிஞ்ச எதுவும் இல்லை.

இதில் இருந்து கிடைக்கும் முதல் பாடம்: "குழலில் எங்கே போட்டாலும் சரி" என்று எவனாவது சொன்னால் அவனுக்கு விசயம் தெரியாது.

இரண்டாம் படி: நேரத்தைக் கணக்குப் பாருங்கள்

பெடியனின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வளையம் போட்ட பிறகு ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்கியது? போனில் பதிந்து பார்த்தால் அரைச் செக்கன் அளவு. வளையம் இல்லாமல் அது பல மடங்கு நீளும். நல்ல வித்தியாசம்தான்.

ஆனால் .22 ரைபிளில் சன்னம் குழலுக்குள் இருக்கும் நேரம் எவ்வளவு? போட்டிக்குப் பாவிக்கும் ரவையில் (தோட்டாவில்) சன்னம் செக்கனுக்கு 325 மீற்றர் அளவில் வெளியே வரும். 65 சென்றிமீற்றர் குழலைக் கடக்க அதற்கு இரண்டரை மில்லிசெக்கன் அளவே போகும். பெரிய ரவை போடும் ரைபிளில் இன்னும் குறைவு, ஒன்று அல்லது ஒன்றரை மில்லிசெக்கன்.

அரைச் செக்கன் என்பது 500 மில்லிசெக்கன். றப்பர் தன் வேலையை முடிக்கும் நேரத்தில் 200 சன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழலைக் கடந்துவிடலாம். இரண்டாம் ஆட்டம் ஒரு தடவை போய் வரவே 4 மில்லிசெக்கன் வேண்டும். அந்த ஒரு சுற்று முடியுமுன்பே சன்னம் வெளியே.

கோணேசர் கோயில் மணியை அடித்தவுடன் கையால் பிடித்தால் ரீங்காரம் நிற்கும். ஆனால் முதல் ஒலி அதற்குள் கடலுக்கு மேலால் போயிருக்கும். றப்பர் வளையம் பிடிப்பது அந்த ரீங்காரத்தை. சன்னம் போவது முதல் ஒலியோடு.

இன்னும் மேலே உள்ள ஆட்டங்கள், மூன்றாவது, நாலாவது, வேகமானவை. சன்னம் உள்ளே இருக்கும்போதே அவை சில சுற்றுப் போகும். ரவையை வெடிக்க வைக்கும் அடிஊசி விழும் தட்டும் சன்னம் நகருமுன்பே குழலை உலுக்கும். அங்கே றப்பர் கொஞ்சம் உறிஞ்சும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சில சுற்றில் உறிஞ்சுவது கொஞ்சத்திலும் கொஞ்சம்.

அடுத்த வெடிக்கு முன் குழல் அடங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வளையம் இல்லாமலே அது சில செக்கனில் அடங்கிவிடும். 50 மீற்றர் போட்டியில் எவனும் அவ்வளவு கெதியாக அடுத்த வெடி வைப்பதில்லை.

மூன்றாம் படி: எடை வேறு கதை

ஆனால் வளையத்துக்கு எடை உண்டு. குழல் நுனியில் எடை ஏறினால் ஆட்டத்தின் வேகமும் வடிவமும் மாறும். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, முதல் மில்லிசெக்கனில் இருந்தே மாறியிருக்கும். டியூனர்காரன் பிடித்திருப்பது இந்த வாலைத்தான்.

இது புதிய விசயமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜேர்மனியில் கிரான்ஸ், கொக் என்ற இருவர் துவக்குக் குழலின் அதிர்வை ஆராய்ந்தார்கள். 1901இல் மலொக் என்ற ஆங்கிலேயர் இதையே லண்டன் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதினார். பழைய லீ-என்பீல்ட் ரைபிள் கிட்டத்தில் சுமாராகவும் தூரத்தில் நன்றாகவும் சுட்டதற்கும் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

எப்படி? ஒரே பெட்டியில் இருக்கும் ரவைகளும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒன்று செக்கனுக்கு 330 மீற்றர், இன்னொன்று 320 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போவது கூட நேரம் காற்றில் இருக்கும், கூட விழும். 50 மீற்றரில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். சர்வதேசப் போட்டித் தாளில் 50 மீற்றருக்கான பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர்தான். ஆக, நடுவில் இருந்து கொஞ்சம் விலகிய பத்தை ஒன்பது ஆக்க வேக வித்தியாசம் ஒன்றே போதும்.

இப்போது பாருங்கள். சன்னம் வெளியேறும் கணத்தில் குழல் நுனி மேல்நோக்கி எழும்பிக்கொண்டு இருந்தால், மெதுவான சன்னம் கொஞ்சம் பிந்தி வெளியேறும். அதற்குள் நுனி இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். கூட விழ வேண்டியது கூட உயரத்தில் புறப்படுகிறது. இரண்டும் சரிக்கட்டிக்கொள்ளும். டியூனரின் வேலை அதிர்வைக் கொல்வது அல்ல, அதைச் சரியான நேரத்துக்கு வரச் செய்வது. மிருதங்கத்தில் ரவையை ஒட்டிச் சுருதி சேர்ப்பது மாதிரி. இது சுடும் ரவை இல்லை, சமைக்கும் ரவை.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. 50 மீற்றருக்குச் சரிக்கட்டியது 100 மீற்றருக்குச் சரிவராது. தூரம் இரட்டித்தால் விழும் வித்தியாசம் ஏறத்தாழ நாலு மடங்கு, நுனியின் கோணம் கொடுப்பதோ இரண்டு மடங்குதான். எல்லாத் தூரத்துக்கும் ஒரே நிலை என்று விற்பவனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மேசையில் வைத்து .22 சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர் பெரும்பாலும் டியூனர் போடுகிறார்கள். அவர்கள் ஒரே தூரம், ஒரே ரகம் ரவை, கனமான குழல். அவர்களுக்கு அது பொருந்துகிறது. வேட்டைக்காரனுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நாலாம் படி: வளையத்துக்கு முன் இவற்றைப் பாருங்கள்

மருமகனிடம் காசைப் பையில் வைத்துக்கொண்டு முதலில் இதையெல்லாம் பார் என்றேன். ரைபிள் வெறுமையா என்று பார்த்து, போல்ட்டை, அதாவது ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதியை, கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் இடையில் ஒரு பணத்தாளை நுழைத்து, குழல் பிடிபடும் இடம் வரை இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் அங்கே மரம் குழலைத் தொடுகிறது. ஈரம் மாறும்போது மரம் அசையும், குறியும் அசையும். மரத்தோடு பூட்டும் திருகுகளை உற்பத்தியாளர் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்குத் திருகியால் இறுக்குங்கள். கைக் கணக்கு வேண்டாம். நான் 30 வருடம் திருகு இறுக்குகிறவன், என் கைக் கணக்கே நாளுக்கு நாள் மாறும். தொலைநோக்கிப் பிடிகளையும் அப்படியே பாருங்கள்.

குழலின் வாயை, அதாவது சன்னம் விடைபெறும் விளிம்பை, பஞ்சுக் குச்சியால் உள்ளிருந்து வெளியே மெதுவாகத் துடையுங்கள். பஞ்சு நூல் எங்கேயாவது மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. அதை நீங்களே அரத்தால் தேய்க்கப் போக வேண்டாம். லேத் வைத்திருக்கும் நானே துவக்குக் குழலில் கை வைக்க மாட்டேன். சட்டமும் விடாது. உரிய அனுமதி உள்ள துவக்குத் தொழிலாளியிடம் கொடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது ரவைதான். .22 ரைபிள் ஒவ்வொன்றுக்கும் பிடித்த ரவை உண்டு. அதே பெயர், அதே விலை, ஆனால் வேறு தொகுதி இலக்கம் என்றால் குறி வேறு. போட்டிக்காரர் ரவை செய்யும் நிறுவனங்களுக்கே, இங்கிலாந்தில் எலே நிறுவனத்துக்கும், ஜேர்மனியில் லப்புவாவின் சோதனை நிலையத்துக்கும் தங்கள் ரைபிளைக் கொண்டுபோய், பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, நல்லதாக வந்த தொகுதியில் மொத்தமாக வாங்கி வருவார்கள். மருமகனுக்குச் சொன்னேன்: வளையம் வாங்கும் காசில் மூன்று தொகுதிகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார். அவன் கேட்டான், ஆனால் வளையத்தையும் வாங்கிவிட்டான். பெடியளிடம் புதுச் சாமான் ஆசையை யார் தடுக்க முடியும்.

ஐந்தாம் படி: சோதனையை ஒழுங்காகச் செய்வது

வளையம் வந்த முதல் நாளே படம் அனுப்பினான். வளையம் இல்லாமல் ஐந்து வெடி, 19 மில்லிமீற்றர். வளையத்தோடு ஐந்து வெடி, 12 மில்லிமீற்றர். "பாத்தீங்களோ மாமா!"

இங்கேதான் உலகம் முழுக்க ஆட்கள் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஐந்து வெடிக் குரூப்பில், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட ஐந்து துளைகளின் கூட்டத்தில், ஒன்றுக்கொன்று மிகத் தூரத்தில் இருக்கும் இரண்டு துளைகளின் இடைவெளியை அளப்பது வழக்கம். அந்த அளவு தன்பாட்டிலேயே பயங்கரமாக ஆடும். அதே ரைபிள், அதே ரவை, அதே ஆள், எதையும் மாற்றாமல் சுட்டாலும் ஒரு குரூப்புக்கும் அடுத்த குரூப்புக்கும் இடையில் சராசரியில் கால்வாசிக்கு மேல் கூடிக் குறைவது சாதாரணம். சராசரி 16 மில்லிமீற்றர் என்றால் 12உம் 19உம் ஒரே ரைபிளின் பிள்ளைகள். வெறும் மூன்று வெடிக் குரூப் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

அப்படியானால் எத்தனை வேண்டும்? நான் கணக்குப் போட்டேன். வளையம் குரூப்பை 30 வீதம் சுருக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதை ஓரளவு நம்பிக்கையோடு காண்பதற்கு வளையத்தோடு 12 குரூப், இல்லாமல் 12 குரூப் வேண்டும். மொத்தம் 120 வெடி. சுருக்கம் 10 வீதம் மட்டும் என்றால் பக்கத்துக்கு 100 குரூப்புக்கு மேலே போகும், 1,000 ரவை கரையும். அந்தக் காசுக்கு என்ன செய்யலாம் என்று நீங்களே யோசியுங்கள்.

டியூனர்காரர் செய்யும் தவறு இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. 20 நிலைகளில் ஒவ்வொரு குரூப் சுட்டு, ஆகச் சின்னது எந்த நிலையில் வந்ததோ அதில் பூட்டிவிடுவார்கள். எந்த வித்தியாசமும் செய்யாத 20 நிலைகளில் சுட்டாலும், சராசரி 16 என்றால் ஒன்று 9இலும் ஒன்று 25இலும் வந்து விழும். 9 வந்த நிலையைக் கொண்டாடுவது, லொத்தரில் விழுந்த கடையிலேயே அடுத்த சீட்டும் எடுப்பது மாதிரி. சந்தேகமாக இருந்தால் அதே நிலையில் இன்னும் ஐந்து குரூப் சுடுங்கள். பெரும்பாலும் 16க்குத் திரும்பி வந்துவிடும்.

சரி, நாங்கள் செய்த முறை இதுதான்.

மேசையில் மணல் மூட்டை வைத்து, ஒரே தொகுதி ரவையில் சுட வேண்டும். முதல் பத்து வெடி கணக்கில் இல்லை, குழல் பழகட்டும். அப்புறம் வளையம் இல்லாமல் ஒரு குரூப், வளையத்தோடு இரண்டு, இல்லாமல் இரண்டு என்று மாறி மாறிப் போக வேண்டும். காலையில் எல்லாம் இல்லாமலும், மத்தியானம் எல்லாம் வளையத்தோடும் சுட்டால், அளப்பது வளையத்தை அல்ல, வெயிலையும் களைப்பையும். காற்றுக்குக் கொடி வையுங்கள். பக்கக் காற்று செக்கனுக்கு ஒரு மீற்றர் கூடினாலே 50 மீற்றரில் .22 சன்னம் 5 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளுப்படும். இலங்கைத்துறைமுகத்துவாரத்துக் கச்சான் காற்றில் இதை யாரும் சுட முயன்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

வளையத்தை எந்த இடத்தில் மாட்டினீர்களோ அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் அதே கோட்டுக்கு வர வேண்டும். கம்பியில் பார்த்தோமே, கொஞ்சம் தள்ளினாலும் கதை மாறும்.

வளையம் மாட்டியதும் குறி இடம் மாறலாம். மருமகனுக்கு அது மேலே போனது. அதைக் கண்டு "வேலை செய்யுது" என்று நினைக்க வேண்டாம். எடை ஏறினால் இடம் மாறும், அவ்வளவுதான். நாங்கள் பார்ப்பது குரூப் எங்கே விழுகிறது என்பதை அல்ல, எவ்வளவு இறுக்கமாக விழுகிறது என்பதை.

கடைசியாக, அளப்பவனுக்கு எது எது என்று தெரியக்கூடாது. மருமகன் 24 தாள்களின் பின்னால் வெறும் இலக்கம் மட்டும் எழுதி, எந்த இலக்கம் எது என்ற பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பங்குனி உத்தரத்துக்கு ஊர் வந்த அவன் தாயின் பெட்டியில் வைத்து அனுப்பினான். சேலைக்கும் சொக்கிலேட்டுக்கும் நடுவில் ஓட்டை விழுந்த தாள்கள். மச்சாள் கேட்டாள், "இதையேன் இஞ்ச கொண்டரச் சொன்னவன்?"

பட்டறையில் வேர்னியரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். இரண்டு தூரத்துத் துளைகளின் வெளி விளிம்பில் இருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதில் இருந்து 5.6 மில்லிமீற்றரைக் கழிக்க வேண்டும். அதுதான் சன்னத்தின் விட்டம். இன்னும் நல்ல வழி, ஐந்து துளைகளின் நடுப்புள்ளியைக் கண்டு, ஒவ்வொரு துளையும் அதில் இருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுப்பது. முதல் முறை இரண்டு துளையை மட்டும் பார்க்கிறது, இது ஐந்தையும் பார்க்கும். கொஞ்சம் வேலைதான், ஆனால் அதே ரவைச் செலவில் கூடச் சொல்லும்.

இரண்டு பின்னேரம் போனது. இலக்கங்களை அனுப்பினேன். அவன் பட்டியலோடு பொருத்திப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். ஆகச் சின்ன குரூப் வளையம் இல்லாததில், ஆகப் பெரியதும் வளையம் இல்லாததில். மற்றவை சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரிக் கலந்து கிடந்தன. இரண்டு பக்கத்துச் சராசரிக்கும் இருந்த இடைவெளி என் வேர்னியர் பிடிக்கும் கைநடுக்கத்துக்குள் அடங்கும். ஆனால் அவன் தனியாகச் சுட்டுப் பார்த்த ரவைத் தொகுதி மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டையும் விடப் பார்த்தவுடனே தெரியும் அளவுக்கு நல்லதாக இருந்தது. இப்போது அந்தத் தொகுதியைத்தான் தேடித் திரிகிறான்.

டியூனர் வைத்திருப்பவருக்கு: குரூப்பை விட்டு வேகத்தைப் பாருங்கள்

குரூப் அளவை நம்பி டியூனரைப் பூட்டுவது குருடன் யானை பார்த்த கதை என்றால், இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் சன்னத்தின் வேகத்தையும், அது தாளில் எந்த உயரத்தில் விழுந்தது என்பதையும் எழுதுங்கள். ஒரு நிலையில் 25, 30 வெடி. பிறகு கட்டத்தாளில் வேகத்தைக் கிடையாகவும் உயரத்தைச் செங்குத்தாகவும் புள்ளி வையுங்கள்.

டியூனர் ஒன்றும் செய்யாவிட்டால் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் குறையும்போது புள்ளிகள் 7 மில்லிமீற்றர் அளவு கீழே சரியும். சரிக்கட்டும் நிலைக்கு வந்தால் அந்தச் சாய்வு படுத்துவிடும், வேகமானதும் மெதுவானதும் ஒரே உயரத்தில் விழும். தாண்டிப் போனால் மெதுவானது மேலே விழத் தொடங்கும். இங்கே ஒவ்வொரு வெடியும் ஒரு சாட்சி. எதைத் தேடுகிறோம் என்பதும் முன்கூட்டியே தெரியும், அதனால் அதிர்ஷ்டத்தை அறிவு என்று எண்ணும் ஆபத்துக் குறைவு.

வேகமானி வாங்கும்போது கவனம். குழலிலேயே கட்டித் தொங்கவிடும் வகை ஒன்று உண்டு. மருமகன் கழகத்தில் ஒருவரிடம் அதை இரவல் வாங்கிக் கட்டினான். "மாமா, குறி ஒரேயடியாக வேறு இடத்துக்குப் போயிட்டுது" என்று குழம்பினான். போகாமல் என்ன செய்யும்? வேகத்தை அளக்கிறேன் என்று குழல் நுனியில் இன்னொரு எடையைக் கட்டிவிட்டான். அவனுக்கே தெரியாமல் அது ஒரு டியூனர். பக்கத்தில் மேசையில் வைக்கும் ராடார் வகைதான் இதற்குச் சரி.

சில சில்லறை விசயங்கள்

நின்று சுடுகிறவர்களுக்கு முன்னால் எடை ஏறினால் ரைபிள் ஆட்டம் குறைந்து கை நிதானப்படும். அதனால் புள்ளி கூடலாம். அது உண்மையான நன்மை, ஆனால் அதற்கும் குழல் அதிர்வுக்கும் சம்பந்தம் இல்லை. அதற்கு வெறும் இரும்பு வளையமே போதும். சர்வதேச ரைபிள் போட்டிகளில் உதைப்பைக் குறைக்கும் துளை அமைப்புகளுக்கு அனுமதி இல்லை, எடைகளுக்கும் வரம்பு உண்டு. வாங்குமுன் உங்கள் கழகத்து விதியைப் பாருங்கள்.

ஏர் ரைபிளில் 10 மீற்றர் சுடுகிறவர்கள் இந்த வளையத்தை மறந்துவிடலாம். அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் பொட்டு, ரைபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. சுருள்வில் வகை ஏர் ரைபிளில் பிஸ்டன் முன்னும் பின்னும் உதைப்பது குழல் அதிர்வைவிடப் பல மடங்கு பெரிது. பிடிக்கும் விதம்தான் அங்கே எல்லாம்.

வளையத்தையும் மச்சாள் பெட்டியிலேயே அனுப்பியிருந்தான். "உங்களுக்கு உதவும் மாமா" என்று ஒரு துண்டு. முதலில் பகிடி என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் படகுத் தண்டுக்கான நீளமான பித்தளைப் புஷ் ஒன்றை உள்பக்கம் கடையும்போது, போரிங் பார் கத்தத் தொடங்கியது. நீட்டிப் பிடித்த மெல்லிய கம்பி, நுனியில் கத்தி. கத்தி வெட்டும் மட்டும் அதிர்வு ஓயாது, செக்கனுக்குச் செக்கன் உருவாகிக்கொண்டே இருக்கும். உள்சுவர் முழுக்க மீன் செதில் மாதிரி வரி விழுந்தது. ஞாபகம் வந்து, லேத்தை நிறுத்தி, அந்த வளையத்தை எடுத்து பாரின் நுனிப்பக்கம், கத்திக்குக் கொஞ்சம் பின்னால், புஷ்ஷின் உள்விட்டத்துக்கு இடிக்காதபடி ஓரத்தைச் சீவி மாட்டினேன். கத்தல் நின்றது. சுவர் பளபளவென்று வந்தது. இங்கே றப்பருக்கு இரண்டரை மில்லிசெக்கன் இல்லை, பத்து நிமிடம் இருந்தது.

இப்போது அது நிரந்தரமாக அங்கேதான். எண்ணெய் பட்டு ஒரு பக்கம் உப்பத் தொடங்கியிருக்கிறது. மருமகனிடம் இன்னொன்று வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.